ரிவர்ஸ் இல்லாத வண்டி

நிதானம் தன் அக்காவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சி கிடையாது. நாற்பத்தாறு வருஷமாக அந்தக் கடன் தீராமலே நின்றது.

இதைக் கேட்டுவிட்டு அவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மூன்று பஸ்களுக்கு முதலாளி அவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவர். டயர் கழற்றி, கிரீஸ் தடவி, வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கி, அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே வந்தவர். படித்து வந்தவர்கள் பத்துப் பேர் அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பஸ் வாங்கிய மூன்று தடவையும் வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணையைத் தேதிக்கு முன்னாலேயே கட்டியவர். அவர் உள்ளே நுழைந்தால் மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போடச் சொல்வார். பொய் என்றால் அந்த மேனேஜரையே கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று பஸ்களின் நெற்றியிலும் 'நிதானம்' என்றுதான் எழுதியிருக்கும். வண்டியின் பெயர் மெல்ல மெல்ல முதலாளியின் மேல் ஏறிக்கொண்டது. இப்போது ரேஷன் அட்டையைப் பார்த்தால்தான் அவருடைய சொந்தப் பெயர் தெரியும்.

கடன் கதை இதுதான். இருபத்திரண்டு வயதில் கனரக வாகன லைசென்ஸ் எடுக்கப் பணம் தேவைப்பட்டது. அக்கா அப்போது ஒரு துணிக்கடைக்குச் சட்டைகளுக்குக் காஜா தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்கு ஏழு காஜா. அப்படித் தைத்துத் தைத்துச் சேர்த்த நூறு ரூபாய் நோட்டுகள் பன்னிரண்டையும் தம்பியின் கையை விரிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்.

"சம்பளத்துல திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேன்டா. சொந்த வண்டி வாங்கி, அது சம்பாதிச்ச காசுல குடு. இதே மாதிரி என் கையில எண்ணி வைக்கணும்."

அவர் சொந்த வண்டி வாங்க இருபத்திரண்டு வருஷம் ஆனது. அதற்கு முந்தைய வருஷம்தான் அக்கா தன் மகளோடு கடல் தாண்டிப் போய்க் குடியேறியிருந்தாள். முதல் பஸ் முதல் வாரத்தில் சம்பாதித்த காசில் பன்னிரண்டு நூறு நோட்டுகளை எடுத்து, ஒரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டி வைத்தார். அதே தொகையை வங்கி வழியாக அனுப்பிப் பார்த்தார். அப்படியே திரும்பி வந்தது. அக்கா நாலு தடவை ஊருக்கு வந்தாள். நாலு தடவையும் உறையை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"விருந்தாளியா வந்த இடத்துல கடன் வசூல் பண்ணுவாங்களா? என் வீட்டு வாசலுக்கு வந்து குடுடா."

அவளுக்குத் தெரியும். தம்பி விமானத்தில் ஏறவே பயப்படுவான்.

ஊரில் இந்தப் பயம் யாருக்கும் தெரியாது என்று நிதானம் நினைத்துக்கொண்டிருந்தார். ஊருக்கே தெரிந்திருந்தது. அக்காவைப் பார்க்கப் போகாததற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வைத்திருப்பார். ஒரு வருஷம் கண்டக்டர் லீவு, ஒரு வருஷம் இன்ஜின் வேலை, ஒரு வருஷம் பெயிண்ட் காயவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் டிக்கெட் எடுத்து விமான நிலையம் வரைக்கும் போய்விட்டு, கண்ணாடி வழியாக ஒரு விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்ததும் வெளியே வந்து டாக்ஸி பிடித்துவிட்டார். "வண்டி அச்சு முறிஞ்சு போச்சாம், எல்லாரையும் இறக்கி விட்டுட்டாங்க" என்றார். பட்டறை மெக்கானிக் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "விமானத்துல எந்த அச்சு முதலாளி?" என்று கேட்டான். "பின் அச்சு" என்றார் கொஞ்சமும் தயங்காமல்.

உண்மையில் அவருடைய பயம் உயரத்தைப் பற்றியதல்ல. மலை ரோட்டில் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் காற்றுமாக நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. ஆனால் ஸ்டியரிங் அவர் கையில் இருக்க வேண்டும். அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் அவர் கண் மூடியது கிடையாது. சொந்தப் பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவருக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார், வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். இறங்கும்போது டிரைவருக்கும் அவருக்கும் ஒரே அளவு கால் வலிக்கும்.

இந்த வருஷம் அக்காவிடமிருந்து போன் வந்தது. எப்போதும் போல் சிரிப்போடுதான் பேசினாள்.

"டேய், டாக்டர் என் இதயத்துல ஏதோ வால்வு தளர்ந்திருக்குன்னாரு. இனிமே விமானமே ஏறக் கூடாதாம்."

"வால்வுதானே அக்கா? மாத்திடலாம்."

"உன் பஸ்ஸா மாத்துறதுக்கு? எழுபத்தஞ்சு வயசு பாடிடா இது. நான் இனிமே அங்க வர மாட்டேன், அவ்வளவுதான். பார்க்கணும்னா நீதான் வரணும். வரலைன்னா... வரலைன்னா அந்த ஆயிரத்து இருநூறை நீயே வச்சுக்க."

போனை வைத்த பிறகு நிதானம் நெடுநேரம் அந்தப் பழுப்பு உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் அக்கா. நாற்பத்தாறு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் போகவில்லை என்றால் இனி அவளைப் பார்க்கவே முடியாது. அதை அவள் வாயால் சொல்லாமல் சொல்லிவிட்டாள்.

"டிக்கெட் போடு. ரெண்டு பேருக்கும்" என்றார் மனைவியிடம்.

"இந்தத் தடவை எந்த அச்சு முறியப் போகுதுங்க? முன் அச்சா, பின் அச்சா?" என்று கேட்டாள் அவள்.

புறப்படும் நாள் மதியம் இரண்டு மணிக்கு விமானம். பத்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. விமானத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கி, ஏணிப்படி ஏறச் சொன்னார்கள். அங்கேதான் பழக்கம் வேலையைக் காட்டியது.

காலையில் ஒரு வண்டியை எடுப்பதற்கு முன்னால் அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் ஒரு உதை விடுவது நிதானத்தின் வழக்கம். காற்று குறைவென்றால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாள் கிளீனராக ஏறியதிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வரிசையில் நின்றவர் தன்னை அறியாமல் வரிசையை விட்டு விலகி, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் இருந்த சக்கரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். விசில் சத்தம் காதைக் கிழித்தது. பச்சைச் சட்டை போட்ட இரண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"ஐயா! எங்க போறீங்க?"

"காத்து சரியா இருக்கான்னு பார்க்கத்தான்."

"அதெல்லாம் நாங்க பார்த்தாச்சு ஐயா!"

"உதைச்சுப் பார்த்தீங்களா?"

அவர்கள் அவரை இரண்டு பக்கமும் பிடித்து, மாப்பிள்ளையை அழைத்து வருவது போல் படிக்கட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குள் மேலே ஏறியிருந்த அவருடைய மனைவி, "இவரு யாருன்னே எனக்குத் தெரியாது" என்கிற முகத்தோடு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு ஜன்னல் ஓரம், அவருக்கு நடுவில். பெல்ட்டைப் போட்டுக்கொண்டதும் முதல் வேலையாக, அந்தப் பக்கம் வந்த விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, டிரைவர் எத்தனை வருஷமா ஓட்டுறாரு?"

"கேப்டனா ஐயா? கேட்டுச் சொல்றேன்." அந்தப் பெண் நல்ல பெண். நிஜமாகவே முன்னால் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "இருபத்தொரு வருஷம்."

"எங்கயாவது முட்டியிருக்காரா?"

"இல்லைங்க ஐயா."

"பின்னாடி எடுக்கும்போது? முன்னாடி எல்லாரும் ஒழுங்காத்தான் ஓட்டுவாங்க. பின்னாடி எடுக்கும்போதுதான் ஆளு யாருன்னு தெரியும்."

"விமானம் தானா பின்னாடி போகாதுங்க ஐயா. கீழே இருக்கிற வண்டிதான் தள்ளி விடும்."

நிதானம் பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினார். மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? ரிவர்ஸே இல்லையாம்."

"நடு வானத்துல ரிவர்ஸ் எடுத்து நீங்க எங்கங்க நிறுத்தப் போறீங்க?" என்றாள் அவள்.

விமானம் ஓடியது, எழும்பியது. அவருடைய வலது கால் தரையை அழுத்தியபடியே இருந்தது. சரியாகத் தரை என்று சொல்ல முடியாது. முன் சீட்டுக்கு அடியில் யாரோ தள்ளி வைத்திருந்த ஒரு பையின் மேல் கால் போய் உட்கார்ந்திருந்தது. மெத்தென்று இருந்தது. நல்ல பிரேக்கும் மிதித்தால் அப்படித்தான் இருக்கும். ஆகவே காலை எடுக்கத் தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் அமைதியாகப் போனது. காபி கொண்டுவந்தார்கள். "பாரு, ரோடு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் வாயைத் திறந்தாரோ இல்லையோ, காபிக் கோப்பை தானாக ஒரு விரல் நகர்ந்தது. பிறகு நடுங்கியது. டிங்கென்று ஒரு ஒலி எழுந்து, பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரிந்தது. பணிப்பெண்கள் தள்ளுவண்டியை அவசரமாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நிமிஷம் விமானம் பொத்தென்று விழுந்தது.

தலைக்கு மேலே பெட்டிகள் கடகடவென்று ஆடின. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது; யாரோ சாமி பெயரைச் சொன்னார்கள். மறுபடி தூக்கியது, மறுபடி போட்டது. நிதானம் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். வலது கால் பிரேக்கை அடிவரைக்கும் மிதித்தது. உள்ளே நொறுநொறுவென்று ஏதோ சத்தம் கேட்டது. விமானம்தான் உடைகிறது என்று நினைத்தார்.

சட்டைப் பையில் பழுப்பு உறை இருந்தது. ஐயோ, இது அக்கா கைக்குப் போய்ச் சேராதே என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. வாசலில் நின்று காத்திருப்பாளே.

"ஏங்க, றெக்கை ஆடுது பாருங்க! எப்படி வளையுது!" என்றாள் மனைவி, ராட்டினத்தில் உட்கார்ந்த சிறுமி மாதிரி.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். இறக்கை மேலும் கீழுமாக வளைந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் திறந்த கண்ணை மூடவில்லை. சுமை ஏற்றிய வண்டி குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் இப்படித்தான் வளையும். வளையாத ஸ்பிரிங்கைத்தான் தூக்கிப் போட வேண்டும். அதைச் செய்து வைத்தவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் காது ஒன்றைக் கேட்டது. இன்ஜின் சத்தம் குறைந்தது. சட்டென்று இல்லை, மெதுவாக, மேலிருந்து ஒரு படி கீழே.

நிதானம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குழி ரோட்டில் வண்டி ஓட்டுவது ஒரு தனி வேலை. தெரியாதவன் பிரேக்கில் ஏறி நிற்பான், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக் கட்டை விரலை முறித்துக்கொள்வான். தெரிந்தவன் முன்னாலேயே வேகத்தைத் தளர்த்திவிடுவான். கட்டை விரலை உள்ளே மடக்க மாட்டான். உள்ளங்கையால் மட்டும் தாங்கி, வண்டி கேட்கிற அளவுக்கு விட்டுக்கொடுத்து, போகிற திசையை மட்டும் பார்த்துக்கொள்வான். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு தடவை விரல் வீங்கிய பிறகு தானாகக் கற்றுக்கொண்டார்.

இந்த ஆளும் பிரேக் அடிக்கவில்லை. வேகத்தைத் தளர்த்திவிட்டு, வண்டியை அதன் போக்கில் ஆட விடுகிறான்.

"அடடே! ஆக்சிலேட்டரைத் தளர்த்துறான் பாரு. இறுக்கிப் பிடிக்கலை. தொழில் தெரிஞ்ச ஆளு!"

"அவரு பிடிக்கலை, சரி. நீங்க எப்ப விடப் போறீங்க?" என்றாள் மனைவி. "இது என் கையா, உங்க ஸ்டியரிங்கா?"

குனிந்து பார்த்தார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார், கட்டை விரலை உள்ளே மடக்கி. தன் ஆட்களில் யாராவது இப்படிப் பிடித்திருந்தால் வண்டியை நிறுத்தி இறக்கி விட்டிருப்பார். வெட்கமாகப் போய்விட்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கையைத் தொடையின் மேல் விரித்து வைத்துக்கொண்டார். விமானம் மறுபடி விழுந்தது. கை மட்டும் விரித்தபடியே இருந்தது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பயம் பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

முன் சீட்டுக்காரர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். நிதானம் அவர் தோளில் தட்டினார்.

"பயப்படாதீங்க தம்பி. இன்னும் நாலே குழிதான்."

இன்னும் முப்பது குழியாவது இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். "இது சின்னது... இது மழைத் தண்ணி தேங்கின மாதிரி... இது வேகத்தடை, எவனோ நடு வானத்துல போட்டிருக்கான்." இரண்டு வரிசை தள்ளி அழுதுகொண்டிருந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. தான்தான் ஓட்டிக் கரை சேர்த்தது போல் நிதானம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

விமானம் தரையிறங்கி நின்றதும் முன் சீட்டுக்காரர் சீட்டுக்கு அடியில் இருந்த தன் பையை இழுத்துத் திறந்து பார்த்து அலறினார்.

"என்னங்க இது? என் பேத்திக்கு வாங்கின பிஸ்கெட்! மாவாயிடுச்சு!"

"பிரேக் பிடிச்சேன் தம்பி" என்றார் நிதானம்.

"பிஸ்கெட் மேலயா?"

"நான் மிதிச்ச மிதியிலதான் இது நின்னுருக்கு. பேத்திகிட்ட அப்படியே சொல்லுங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டு, தன் பையிலிருந்து ஒரு பிஸ்கெட் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். முன் சீட்டுக்காரரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

விமானத்தின் வாசலில் கேப்டன் நின்று எல்லோரையும் வழியனுப்பிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். நிதானம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், கட்டை விரலைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். வீக்கம் இல்லை.

"குழியில பிரேக் அடிக்கலை நீங்க. நான் கவனிச்சேன். நாற்பது வருஷ சர்வீஸ் சொல்றேன், நல்ல கை. ரிவர்ஸ் மட்டும் பழகிக்குங்க."

கேப்டனுக்கு என்ன புரிந்ததோ, சல்யூட் அடித்தார். அந்த சல்யூட்டைப் பற்றி நிதானம் இன்றைக்கும் நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லாமல் விடுவதில்லை.

அக்கா வீடு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத் தளத்தில் இருந்தது. வெயில் சாயாத நேரம். மணியை அடிப்பதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. நாலு கால் உள்ள நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள், சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"அங்கேயே நில்லுடா. உள்ள வர்றதெல்லாம் அப்புறம். முதல்ல கடன்."

நடைதாங்கியை விட்டு ஒரு கையை எடுத்து நீட்டினாள். காஜா தைத்துத் தைத்து ஆள்காட்டி விரல் நுனி தேய்ந்த அதே கை.

நிதானம் பழுப்பு உறையைக் கிழித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஏழு வந்ததும் வேண்டுமென்றே ஒரு தடவை இருமிக்கொண்டார். பன்னிரண்டும் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா ஒரு நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "டேய், இது அந்தக் காலத்து நோட்டு. இங்க செல்லாது, அங்கயும் கடைக்காரன் வாங்க யோசிப்பான்."

"முதல் வண்டியோட முதல் காசு அக்கா. நீதானே அப்படிக் கேட்டே?"

அவள் நோட்டுகளைக் கட்டை விரலால் நீவி விட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"அப்ப கடன் தீர்ந்துது."

"தீர்ந்துது."

"இனிமே உனக்கு இங்க என்ன வேலை? ஏதாவது அச்சை முறிச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துக்குவே."

நிதானம் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சுக் கதையை யார் போனில் சொல்லியிருப்பார்கள் என்று புரிந்துவிட்டது.

"கையை நீட்டு" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"நீட்டுடான்னா. புதுக் கடன் தர்றேன். அடுத்த வருஷம் இதே மாசம், இதே வாசல். வட்டி கிடையாது."

கையை நீட்டினார். விரல்களை மடக்காமல், உள்ளங்கையை நன்றாக விரித்து.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு... ஏழு..."

"ஆறை விட்டுட்டே அக்கா."

"நடுவுல பேசாதடா." அவள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவசரமே படாமல், ஒவ்வொரு நோட்டையும் வைத்துவிட்டு அவர் முகத்தை ஒரு தரம் பார்த்து, பன்னிரண்டையும் அவர் கையில் எண்ணி வைத்தாள்.